வாளுக்குப் பல் கட்டிய பிறிஜெற்

என் தங்கை பிறிஜெற் ஆட்களை முகத்தால் ஞாபகம் வைப்பதில்லை, வாயால் வைப்பாள். கொட்டாஞ்சேனைச் சந்தையில் யாராவது நின்று, "எப்படிப் பிள்ளை, சுகமா?" என்று கேட்டால், அவர் போகும்வரை சிரித்துக் கதைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"மேல் பல்லுத் தட்டு, அக்கா. முன்னுக்கு நாலு பல்லு, இடப்பக்கம் கம்பிக் கொளுக்கி. பேர்தான் வருதில்லை."

கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில், பின்னறையில் அவளுக்கு வேலை. வைத்தியர் வாய்க்குள் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்ரர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் முரசு, அதாவது பல் ஈறு, கட்டி, பல் அடுக்கி, கட்டுப்பல்லாக முடித்துக் கொடுப்பவள் பிறிஜெற். அங்கே சேர்ந்தபோது ரெலிபோன் எடுப்பதும் கதிரை துடைப்பதும்தான் அவளுக்குச் சொன்ன வேலை. பல் கட்டிக்கொண்டிருந்த பீற்றர் என்பவர் நாட்டுச் சண்டைக்குப் பயந்து கனடாவுக்குப் போய்விட, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று அவருடைய மேசையில் உட்கார்ந்தவள் பிறகு எழும்பவே இல்லை. நான் எட்டாம் வகுப்போடு தையல் மெஷினுக்கு வந்தவள். ஒரு சட்டைக் கை நேராக வெட்டப்பட்டிருக்கிறதா, கோணியிருக்கிறதா என்று தூரத்தில் நின்றே சொல்லுவேன். என் தங்கையின் வேலை சுத்தமானது என்று சொல்வதற்கு எனக்கு அந்தப் படிப்புப் போதும்.

அவள் ஒரு வாளுக்கு வைத்தியம் பார்த்த கதையை எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். ஒருவர் வாளுக்குத் தங்கப்பல் கட்டினாள் என்றுகூடச் சொல்லிவிட்டார். கூட இருந்து பார்த்தவள் என்பதால் நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம். சித்திரை வருசத்துக்காக கிளினிக் பூட்டியிருந்தது. ஜம்பட்டா வீதியில் எங்கள் வீட்டு முன்னறையில் நான், கோவிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை ஒன்றின் சட்டைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கிராண்ட்பாஸிலிருந்து ரபீக்கா வந்தார். பிறிஜெற் அவருக்கு மேல் தட்டு கட்டிக் கொடுத்ததிலிருந்து எங்களுக்குப் பழக்கம். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்றும் அண்ணனை 'நானா' என்றும்தான் கூப்பிடுவார்கள்; நாங்களும் ரபீக்காவைத் தாத்தா என்றே கூப்பிடுவோம்.

"பிறிஜெற் புள்ள, எங்கட இவர் ஒரு வேல பாத்துட்டார்" என்று குடையை மடக்காமலே தொடங்கினார்.

"என்ன தாத்தா, பல்லை உடைச்சுப் போட்டாரா?"

"பல்லா இருந்தா நான் வந்தீக்க மாட்டேன். பள்ளி வாள ஒடச்சிட்டார்."

ரபீக்கா தாத்தாவின் வீட்டு மதிலுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமையும் பெருநாளிலும் பிரசங்கம் செய்கிற கதீப், எல்லாரும் ஹஸ்ரத் என்று கூப்பிடுகிறவர், மிம்பர் என்கிற மேடையில் ஏறும்போது ஒரு பழைய வாளைக் கையில் வாங்கி, அதன் முனையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம். அந்த வாளுக்குக் கூர் கிடையாது. அது யாரையும் வெட்டியதாகவும் ஒருவரும் சொன்னதில்லை. அவருடைய கணவர் ஸாலிஹ் நானா பள்ளிவாசலை நிர்வகிக்கிற கமிட்டியில், நம்பிக்கையாளர்களில் ஒருவர். வாள் அவர் பொறுப்பில் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறதே, பிடியின் வெள்ளிப் பூண் மினுங்கட்டும் என்று, மனிதர் ஒரு வாளிக் கொதிதண்ணீருக்குள் வாளைத் தலைகீழாக விட்டிருக்கிறார். பிடிக்குள் இருந்த அரக்கு இளகி, வெளியே எடுக்கும்போது பிடி கையோடு பாதி கழன்று வந்துவிட்டது. பிடியின் கொம்பிலும் ஒரு வெடிப்பு.

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல" என்றார் தாத்தா. "கமிட்டில சிலபேர் ஏற்கனவே இந்தக் காலத்தில பள்ளில வாள் எதுக்கு, தூக்கி வைங்கண்டு சொல்லிட்டு ஈக்காங்க. இவர் ஒடச்சிட்டார்ண்டு கேட்டா சரி, வாளும் போற, இவர்ட மானமும் போற. சும்மா ஒட்டி வைக்கவும் ஏலா. ஹஸ்ரத்துக்கு முழங்கால் வருத்தம். முழுப் பாரத்தயும் அந்த வாள்லதான் போடுவார். ஆடிச்சிண்டா மிம்பர்ல இருந்து கீழ வருவார்."

"தாத்தா, அவள் பல்லுக் கட்டுறவள்" என்றேன் நான்.

"அதுக்குத்தானே வந்த. ஆட்டெலும்பு கடிச்சாலும் இந்தத் தட்டு அசையிதா பாருங்க!" என்று வாயைத் திறந்து காட்டினார். பிறிஜெற் அந்த இடத்திலேயே எட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினாள். அவள் போகப் போகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாளை இங்க கொண்டுவர ஏலுமா?" என்று கேட்டாள்.

"கொண்டு வாறதா?" என்றேன். "தமிழ்ப் பெட்டை ஒருத்தி வாளோட ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டுறதா? நேரா பொலிஸ் விசாரிக்கிற நாலாம் மாடிக்குத்தான் கொண்டு போவாங்கள். அங்கயிருந்து ஒட்டிக் குடு."

ஆகவே நாங்கள்தான் போனோம். ஸாலிஹ் நானா கதவைத் திறந்தபோது முகம் காய்ச்சல்காரன் முகம்போல இருந்தது. இரும்புக்கடை வைத்திருக்கிற, பெரிய குரலில் கதைக்கிற மனிதர். அன்று கிசுகிசுத்தார்.

அடுப்படியில், குசினி மேசையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றின் மேல் வாளைக் கிடத்தினார்கள். பிறிஜெற் உடனே தொடவில்லை. சுற்றி வந்து பார்த்தாள். பிடிக்கும் அலகுக்கும் இடையில் வெள்ளித் தகடு. அதற்கு மேல் கறுத்த எருமைக் கொம்புப் பிடி. பிடியின் தலையில் வெள்ளித் தொப்பி. குறுக்கே ஒரு பித்தளை ஆணி. ஆணிதான் பிடியைப் பாதியில் மறித்துக்கொண்டிருந்தது.

"இழுத்துப் பாத்தீங்களா நானா?"

"ரெண்டு மூணு தரம் பலமா இழுத்த."

"இனி இழுக்காதீங்கோ. பல்லையும் இழுத்துப் பிடுங்கிறேல்லை. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கிறது."

ஆணியின் தலையைச் சின்ன அரத்தால் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து தட்டி எடுத்தாள். பிறகு கேத்திலின் ஆவியில் பிடியைக் காட்டினாள். கொதிதண்ணீர் அல்ல, ஆவி, அதுவும் துணி சுற்றி. கொஞ்ச நேரம் காட்டுவாள், எடுத்து ஒரு மயிரளவு திருப்புவாள், மறுபடி காட்டுவாள். ஸாலிஹ் நானா ஒவ்வொரு தரமும் கண்ணை மூடினார். கடைசியில் பிடி, புளியம்பழத்திலிருந்து ஓடு கழல்வதுபோலச் சத்தமில்லாமல் அவள் கைக்கு வந்தது. உள்ளே மறைந்திருந்த அலகின் வால் வெளியே தெரிந்தது: தட்டையாக, துருப்பிடித்து, நுனியில் ஒடுங்கி.

"அக்கா, இங்க பாரன். இதுக்கும் வேர் இருக்கு!" என்றாள். அவள் முகத்தில் கிறிஸ்மஸ்.

வேரில் அரக்குக்கு நடுவே ஏதோ மினுங்கியது. சுரண்டி எடுத்தால், மடித்துச் செருகிய தகரத் துண்டு. பிஸ்கட் பெட்டித் தகரம். ஒரு மூலையில் சிவப்புப் பூ ஒன்றுகூட இருந்தது.

"வாளோட வந்த தகரமில்லை இது" என்றாள் பிறிஜெற். "இந்தப் பிடி முதலும் ஒருக்காக் கழண்டிருக்கு நானா. ஆரோ தகரம் வைச்சு இறுக்கியிருக்கினம்."

ஸாலிஹ் நானா தகரத்தை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவருடைய குரல் பழைய அளவுக்கு ஏறியது. "அப்ப நான் மட்டும் இல்ல!"

"மெதுவா! மதிலுக்கு அங்கால கேக்கும்" என்றார் தாத்தா.

அலகு அந்த வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வேலை செய்கிற சாமான்களோ எங்கள் வீட்டில். என்ன செய்வது என்று நான் யோசிக்கும் முன்னமே பிறிஜெற் பையிலிருந்து மெழுகை எடுத்து இளக்கத் தொடங்கியிருந்தாள். தாடைக்கு அச்செடுப்பதுபோல வாளின் வேருக்கு இரண்டு பாதியாக அச்செடுத்து, துணியில் சுற்றிக்கொண்டாள். வீட்டில் அதில் பிளாஸ்ரர் ஊற்றினால் வாளின் வேர் எங்கள் மேசையில் இருக்கும். பிடியை அதற்குப் பொருத்திப் பார்க்கலாம். வாளில்லாமலே வாள் வேலை.

திரும்பும்போது சந்திச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். துணியால் மறைத்த கூட்டுக்குள் பெண் கொன்ஸ்தாபிள் ஒருத்தி பையைச் சோதித்தாள். முதலில் கையில் வந்தது பிளாஸ்ரர் தாடை ஒன்று. பிறிஜெற்றின் பைக்குள் எப்போதும் யாருடையதாவது தாடை கிடக்கும். அடுத்தது வாள்பிடி.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டாள்.

நான் மனதுக்குள் அலங்காரப் பொருள், குடைக் காம்பு, கதவுக் கைபிடி என்று பொய்களை அடுக்கிக்கொண்டிருக்க, என் தங்கை சிங்களத்தில் தெளிவாக, "வாளின் பிடி" என்றாள்.

"கடுவ கோ?" வாள் எங்கே?

"அது பள்ளிவாசல்ல. எழும்பி நடக்காது, அதுதான் பிடியை மட்டும் வைத்தியத்துக்குக் கொண்டுபோறன்" என்று அதே சிங்களத்தில் சொல்லி, வெடிப்பைக் காட்டினாள். அந்தப் பெண் பிடியைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள், பிறிஜெற்றைப் பார்த்தாள்.

"அக்கா பல்லுக் கட்டுறதா?"

"ஓம்."

"எங்கட அம்மாட தட்டு சோறு சாப்பிடேக்க கழண்டு விழுது. பவுடர் போட்டும் நிக்கிறேல்லை."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, பிறிஜெற் தட்டு ஏன் கழலும், முரசு எப்படிச் சுருங்கும் என்று விரலால் தாடையில் தொட்டுக் காட்டி விளக்கினாள். கொன்ஸ்தாபிள் பெண் தானே எங்கள் பையைக் கட்டிக் கொடுத்தாள். வெளியே வந்ததும், "உனக்குப் பயமே இல்லையாடி?" என்று கேட்டேன். "பொய் சொல்லியிருந்தா நாளைக்குப் பிடியைத் திருப்பிக் கொண்டுபோகேக்க இன்னொரு பொய் வேணுமே" என்றாள்.

வீட்டில் அடுத்த தடங்கல் காத்திருந்தது. பழைய அரக்கு எரிந்து பொடியாகிப் போயிருந்தது, புதிது வேண்டும். தட்டார்மார் அரக்கு வைத்திருப்பார்கள் என்று செட்டியார் தெருவுக்குப் போனால், வருசப் பிறப்புக்குத் தெருவே பூட்டு. திரும்பி வந்து நான் தலையில் கை வைத்தேன். பிறிஜெற் தன் சாமான் பெட்டியைக் கிண்டினாள். தட்டுக் கட்டும்போது அளவு பார்ப்பதற்காக முதலில் ஒரு தற்காலிகத் தட்டு செய்வார்களாம். அதற்கென்று மெல்லிய கபிலநிறத் தகடுகள் வரும். ஒன்றை எடுத்து நெருப்புக்குச்சியில் காட்டி மணந்து பார்த்தாள். பழைய அரக்கை மணந்து பார்த்தாள்.

"அக்கா, மணந்து பார்."

இரண்டும் ஒரே மணம்.

"இவ்வளவு வருசம் ஆட்களின்ர வாய்க்குள்ள அரக்கைத்தான் வைச்சிருக்கிறன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுவும் அளவு பாக்க மட்டும்."

கட்டுப்பல் தட்டு வார்க்கிற பசை இன்னும் உறுதியாக நிற்குமே என்று நான் கேட்டேன். "நிக்கும். பிறகு ஒருத்தராலும் கழட்டேலாது. தகரம் வைச்சவர் அப்படி ஒட்டியிருந்தா நான் இண்டைக்கு எப்படித் திறந்திருப்பன்?" என்றாள். தகடுகளை உருக்கி, செங்கல் தூளை என்னிடமிருந்த சல்லாத் துணியில் சலித்துக் கலந்து வைத்தாள்.

கொம்பின் வெடிப்புக்கு மட்டும் அந்தத் தட்டுப் பசை. அது முரசு நிறத்தில்தான் வரும். பள்ளிவாசல் வாளுக்கு ரோஸ் நிற முரசு வைக்க முடியுமா? விளக்குக் கரியைக் கலந்து கறுப்பாக்கினாள். வெடிப்பை அடைத்தாள். வெள்ளித் தொப்பிக்குக் கீழே, ஒரு பக்கத்தில், பெருவிரல் அகலத்துக்குப் பள்ளம் ஒன்றும் இருந்தது. வலது கையால் பிடித்துப் பார்த்தாள். பள்ளம் எந்த விரலுக்கும் வரவில்லை. "எங்கயோ விழுந்து அடிபட்டிருக்கு" என்று அதையும் நிரப்பி, அரத்தால் சமப்படுத்தி, பல் மினுக்குகிற மாவால் தேய்த்து, கண்ணாடிபோல ஆக்கினாள். அந்த இடத்தை என்னிடம் மூன்று தடவை காட்டினாள். நானும் மூன்று தடவையும் மெச்சினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் பள்ளம் இருந்த இடம் தெரியாது.

பெருநாளுக்கு முதல்நாள் பிற்பகல், ரபீக்கா தாத்தாவின் குசினியில் வேரைச் சூடாக்கி, அரக்கை ஊற்றி, பிடியை இறக்கினாள். நூல் பிடித்து நேர் பார்த்தது நான். புதிய ஆணி செருகி, ஆறவிட்டோம். ஸாலிஹ் நானா வாளை ஊன்றி, தன் உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். அவர் சின்ன உடம்புக்காரர் அல்ல. வாள் அசையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். தாத்தா பெருநாளுக்கு அவித்த வட்டிலப்பத்தை வெட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸலாம் சொல்லும் குரல் கேட்டது. கதீப் இஸ்ஸதீன் ஹஸ்ரத். வாள் வழக்கமான இடத்தில் இல்லை என்று பள்ளிவாசலில் கண்டுவிட்டு விசாரிக்க வந்திருந்தார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வாள் மேசையில், ஸாலிஹ் நானா பக்கத்தில், முழிப்பதற்கு நாங்கள் இருவர். நானா கொதிதண்ணீரிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் தகரத் துண்டையும் நீட்டினார்.

ஹஸ்ரத் தகரத்தைப் பார்த்தார். தாடி குலுங்கியது. "அப்ப ஒங்களுக்கு முந்தியும் ஒரு ஸாலிஹ் ஈந்தீக்கார்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஹஸ்ரத் வாளை எடுத்தார். இடது கையால் எடுத்தார். ஊன்றினார். உடனே முகம் மாறியது. கையை எடுத்து மறுபடி வைத்தார். விரல்களை மாற்றிப் பிடித்தார். பாரம் போட்டதும் கை வழுக்கி, ஒரு பக்கம் சரிந்தார். ஸாலிஹ் நானா பாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடல்ல, நல்லா ஈக்கி" என்றார் ஹஸ்ரத், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனா இதில ஒரு குழி ஈந்தது. எனக்கு முந்தின கதீப்மாரெல்லாம் பெருவிரல் வச்சித் தேஞ்ச எடம். அதுலதான் நான் புடிக்கிற. அதக் காணல்ல."

வாள் எப்போதும் இடது கைக்கு என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரும் சொல்லவில்லை. பிறிஜெற் வலது கையால் பிடித்துப் பார்த்து, அடிபட்ட காயம் என்று நினைத்துவிட்டாள். பல் கட்டுகிறவளுக்குக் குழியைக் கண்டால் நிரப்பத்தானே தெரியும்?

அவள் மிகவும் பெருமைப்பட்ட இடம் அது. முகம் சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் வாதாடவில்லை. "நிரப்பினது நான்தான் ஹஸ்ரத். எடுத்துத் தாறன்" என்று சுரண்டியைத் தேடினாள்.

சுரண்டுவது பெரிய வேலையில்லை. எவ்வளவு சுரண்டுவது என்பதுதான் கேள்வி. அச்செடுத்து வைக்காத ஒரே இடம் அது. அவருடைய கையைப் பிடித்து விரலை வைத்துப் பார்க்கவும் முடியாது. அவர் ஹஸ்ரத், இவள் அந்நியப் பெண். தாத்தா என்னைப் பார்த்தார், நான் ஸாலிஹ் நானாவைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். வெளியே பள்ளிவாசல் முற்றத்தில் பெருநாளுக்குப் பாய் விரிக்கிற சத்தம்.

பிறிஜெற் பையிலிருந்து நீல மைத்தாள் ஒன்றை எடுத்தாள். புதுத் தட்டு வைத்ததும் வைத்தியர் இந்தத் தாளைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார். எந்தப் பல் உயரமோ அதில் மை படும், அதைத் தேய்ப்பார்கள். அவள் தாளைப் பிடியில் சுற்றி, வாளை மேசையோரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"ஹஸ்ரத், மிம்பர்ல நிக்கிற மாதிரியே ஊன்றி நில்லுங்கோ. நல்லாப் பாரம் போடுங்கோ. எடுங்கோ."

தாளை அவிழ்த்தால் கொம்பில் நீலப் பொட்டு. அந்த இடத்தைச் சுரண்டினாள். மறுபடி தாள், மறுபடி பாரம், மறுபடி பொட்டு.

"இடிக்கிதா?"

"மேல் பக்கம் கொஞ்சம் இடிக்கிது."

"இப்ப?"

"இப்பக் கொறைவு."

"கடிச்சுப் பாருங்கோ" என்றாள் பழக்கத்தில். ஹஸ்ரத் வாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ரபீக்கா தாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினி மூலைக்கு ஓடினார்.

மை இனி எங்கும் அழுத்திப் படாமல், கைப்பிடி முழுவதும் ஒரே சீராகப் படர்ந்த பிறகு, ஹஸ்ரத் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெருவிரல் குழிக்குள் இறங்கியிருந்தது. வருத்தமுள்ள காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்றுகூடக் காட்டினார். "வந்துட்டு" என்றார். "ஸாலிஹ், கமிட்டிக்கு நான் சொல்றேன். கழண்டது, செஞ்சது, முந்தியும் கழண்டீக்கி. நீங்க சும்மா ஈங்க."

அவர் போன பிறகுதான் கவனித்தோம்: அவருடைய இடது உள்ளங்கை முழுவதும் நீலம். அந்த மை இலேசில் போகாது.

மறுநாள் காலை தாத்தா எங்களைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது தொழுகை முடிந்து, ஒலிபெருக்கியில் பிரசங்கம் தொடங்கியிருந்தது. பிறிஜெற் மதில்பக்கச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். பிரசங்கம் அவள் காதில் விழவே இல்லை. ஏதாவது விழுகிற சத்தம் கேட்கிறதா என்றுதான் காது கொடுத்தாள். ஹஸ்ரத் மூச்செடுக்க நிறுத்தும்போதெல்லாம் என் கையை நெரித்தாள்.

ஒன்றும் விழவில்லை. குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. தாத்தா ரொட்டியை மூடி வைத்தார், பிறகு திறந்து சூடு பார்த்தார், பிறகு மறுபடி அடுப்பை மூட்டினார்.

கடைசியில் ஸாலிஹ் நானா வாசனை பூசிய புதுச் சட்டையோடு உள்ளே வந்தார். எங்களைக் கண்டதும் கையை விரித்தார்.

"பிறிஜெற் புள்ள, என்ன வேல செஞ்சீங்க? மத்த வருசம் முழங்கால் நோவுதுண்டு ஹஸ்ரத் சுருக்கா முடிச்சிருவார். இண்டைக்கு அசையாம நிண்டு, தெரிஞ்ச எல்லாத்தயும் ஓதிட்டார்! கமிட்டி ஆக்கள் வாளப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. பசியில வாயத் தொறக்க ஏலாம வீட்டுக்கு ஓடிட்டாங்க."

பிறிஜெற் என் கையை விட்டாள். நீண்ட மூச்சு ஒன்று வந்தது. பிறகு எழும்பி ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அடுத்த முறை கழண்டாச் சொல்லுங்கோ நானா. கொஞ்சம் ஆட்டம் விட்டு ஒட்டுறன்."

"சும்மா ஈங்க புள்ள" என்றார் ரபீக்கா தாத்தா, அவளுடைய தட்டில் கறியை ஊற்றிக்கொண்டே. "இவர் மெய்யாலுமே கொதிதண்ணி வைப்பார்."